முதுகில் எழுத்து இருந்தால் ஓரமாக நில்

கட்டாயம் வேண்டும். அரசுப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் சீருடையில்தான் வர வேண்டும். முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். பிடிக்காதவர்கள் இத்தோடு எழுந்து போய்விடலாம். விசில் ஊதித் தடுக்க மாட்டேன். முழங்கால் தேய்ந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட உடற்கல்வி ஆசிரியன் நான். யாரையும் ஓடிப் பிடிக்கிற நிலையிலும் இல்லை.

கொடைக்கானலில் நான் வேலை பார்த்த பள்ளியில் இப்போது என் இடத்துக்கு வந்திருக்கும் தம்பி போன வாரம் அட்டுவம்பட்டியில் என் வீட்டுக்கு வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து, சீருடை பிள்ளைகளின் தனித்தன்மையைக் கொல்கிறது என்று பேசினாராம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்து இயற்கை விவசாயம் பார்ப்பவர். கொள்கைக்காகப் பிள்ளையை நம் பள்ளியில் சேர்த்திருக்கிறார். அதற்காக அவரை மதிக்கிறேன்.

"பாதிப் பேரு தலையாட்டிட்டாங்க சார். நீங்க ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார் தம்பி.

"ஒங்க அபிப்பிராயம் என்ன?"

"எனக்கென்ன சார், யூனிஃபார்ம் இல்லைன்னா காலைல கேட்ல நிக்கிற சோலி மிச்சம்."

இந்த நேர்மைக்காகவே எழுத உட்கார்ந்தேன்.

சீருடையால் ஒழுக்கம் வரும் என்று சொல்லும் ஆசிரியர்கள் கூட்டத்தில் நான் இல்லை. பணிக்காலம் முழுக்க அவர்கள் என்னைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம். ஒரே நிறச் சட்டை போட்ட பையன்கள் எவ்வளவு ஒற்றுமையாகச் சுவரேறிக் குதிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்தப் பையன் குதித்தான் என்று அடையாளம் சொல்ல முடியாதபடி செய்வதே சீருடைதான். என் கட்சிக்குக் காரணம் வேறு. குழந்தைகள் தினத்தன்று 'கலர் டிரஸ்' போட்டு வரலாம் என்று அறிவிப்போம். அன்று காலை கேட்டில் நின்று பார்த்தால் பட்டாம்பூச்சிக் கூட்டம்தான். எல்லோரும் வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பூரிப்பார்கள். நான் வராத பிள்ளைகளை எண்ணுவேன். ஒவ்வொரு வருடமும் அதே வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் வயிற்றுவலி வரும். தனித்தன்மை என்பது துணிக்கடையில் விற்கும் சரக்காக இருக்கிறவரை, அதை வாங்க முடியாத பிள்ளைக்கு என் பள்ளியில் வயிற்றுவலி வரக்கூடாது. அவ்வளவுதான் என் தத்துவம். நூலகத்தில் இருந்த தத்துவப் புத்தகங்களை எல்லாம் படித்தேன். இதைவிடப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. பி.டி. வாத்தியார் புத்தகமும் கையுமாக இருப்பதைப் பார்த்த சக ஆசிரியர்கள் நான் உள்ளே விளையாட்டுப் பத்திரிகையை மறைத்து வைத்திருப்பதாக நம்பினார்கள்.

உடற்கல்விப் பயிற்சியை மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் முடித்தேன். கற்றது இரண்டு: விசிலை நாக்கால் அடக்கி ஊதுவது, வயிற்றை உள்ளிழுத்து நிற்பது. இரண்டாவது சீக்கிரமே மறந்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தெரிந்தது, விளையாட்டு வாரத்தில் சில பீரியடுகள்தான். அதையும் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொள்வார். என் உண்மையான உத்தியோகம் கேட். வெள்ளனே போய், இரும்புக் கேட்டில் ஒரு கதவை மூடி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு மற்றதைத் திறந்து வைப்பேன். பிள்ளை முன்னே வந்து நிற்க வேண்டும். முதலில் காலைப் பார்க்க வேண்டும், முகத்தை அல்ல. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும். ஷூ, பிறகு சட்டை நுனி, பட்டன், நகம். கடைசியில்தான் முகம். பட்டன் இல்லாத பிள்ளைக்கு என் டிராக் சூட் பையில் ஊசியும் நூலும் உண்டு. தவறு செய்தவர்கள் கேட்டுக்கு உள்பக்கம் ஓரமாக நின்று, பிரேயர் முடிந்ததும் மைதானத்தில் காகிதம் பொறுக்க வேண்டும். அடிப்பதில்லை. திட்டுவதில்லை. என்னைப் போல ஒரு தொப்பைக்காரன் டிராக் சூட்டில் நின்றுகொண்டு, சட்டையை உள்ளே விடு என்று சொல்வதே போதுமான தண்டனை என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம்.

என் கடைசி வருடங்களில் வந்த தலைமையாசிரியர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். சுந்தரவேல் என்று வைத்துக்கொள்வோம். குரலை உயர்த்தவே மாட்டார். ஒருவரைக் கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் குரங்குக் குல்லாயைக் கழற்றி மேசைமேல் வைப்பார். தலைமுடியை இரண்டு கையாலும் படிய வைப்பார். "சார், தப்பா நெனைக்காதீங்க" என்பார். அதோடு நாம் செத்தோம். மலைக்குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே ஒரு ஸ்வெட்டர், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே சால்வை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சட்டையில் கஞ்சி போட்ட மடிப்பு கலையாமல் இருக்கும். பள்ளிக்கு வந்த முதல் மாதமே கேட்டுக்குப் பக்கத்தில் சுவரில் விதிகளைப் பெயிண்டால் எழுத வைத்தார். 'சீருடையில் எழுத்து, படம், அலங்காரம் கூடாது' என்பது அதில் ஒன்று. நடிகர் பெயர் பொறித்த பெல்ட்டுகளுக்காக எழுதியது. நானே ஒரு மூட்டை பெல்ட் பறிமுதல் செய்திருக்கிறேன்.

மலைப்பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை சர்க்கார் ஸ்வெட்டர் தருகிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் குளிராது என்று யாரோ சமவெளியில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகள் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வரும். சீசனுக்கு வந்த குடும்பம் விட்டுப்போனது, அண்ணனுடையது, ரோஸ், மஞ்சள், புலி படம் போட்டது என்று பல தினுசு. சுந்தரவேல் சாருக்கு அது கண்ணை உறுத்தியது. எனக்கும்தான். அவர் விடாமல் அலைந்து, ஒரு ரிசார்ட் முதலாளியைப் பிடித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அத்தனை பேருக்கும் நீல ஸ்வெட்டர் வாங்கிவிட்டார். ரிசார்ட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். போதுமான விளம்பரம் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

எப்படிக் கிடைத்தது என்றால், ஒவ்வொரு ஸ்வெட்டரின் முதுகிலும் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை. அதில் ரிசார்ட்டின் பெயர். அதற்குக் கீழே போன் நம்பர்.

நல்ல கம்பளி, அதில் குறை சொல்ல மாட்டேன். தை மாதப் பனியில் புல்தரை வெள்ளையாகக் கிடக்கும்போது அது பெரிய விஷயம். பையன்கள் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஏரிக்கரை பஸ் ஸ்டாப்பில் ஒரு டூரிஸ்ட் குடும்பம் பிளஸ் டூ பையன் ஒருவனிடம் ரூம் வாடகை கேட்டிருக்கிறது. "டபுள் ரூம் காலி இருக்கு சார். சுடுதண்ணி உண்டு. கேம்ப் ஃபயர்னா தனிக் காசு" என்று இவன் பேரம் பேசியே விட்டான். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

ஸ்வெட்டர் கட்டாயம் என்று அறிவித்த திங்கட்கிழமை, பத்தாம் வகுப்பு நாகஜோதி வெறும் சுடிதாரோடு வந்து நின்றாள். வில்பட்டிப் பிள்ளை. காலைப் பார்த்தேன், சரி. நகம் சரி. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஸ்வெட்டர் எங்கம்மா?"

"பைக்குள்ள இருக்கு சார்."

"எடுத்துப் போடு, வெரசா."

"போட மாட்டேன் சார்."

பத்தாம் வகுப்பில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. ஒன்பதில் சொல்வார்கள், பத்தில் மார்க் பயம் வந்துவிடும்.

"ஏன்?"

பின்னால் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னாள். "எங்கம்மா அங்கதான் சார் ரூம் கிளீனிங் பாத்துச்சு. கெஸ்ட்டு ஒருத்தவங்க சால்வையக் காணோம்னு எங்கம்மா பைய எல்லாரு முன்னாடியும் கவுத்துப் பாத்தாங்க. அப்புறம் அது அவங்க கார்லயே கெடந்துச்சாம். அவங்களே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. ஆனா எங்கம்மாகிட்ட ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. திருடின்னு சொன்னவங்க பேர நான் ஏன் சார் முதுகுல தூக்கிக்கிட்டுத் திரியணும்?"

அவளை உள்ளே விட்டேன். மறுநாள் ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டு, பட்டை உள்பக்கம் போகும்படி வந்தாள். நான் பார்க்காதது போல் விட்டேன். பிரேயரில் சுந்தரவேல் சார் பார்த்துவிட்டார். பட்டை வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வரும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார். பொதுத்தேர்வு வருடம். அடுத்த வாரம் அறிவியல் செய்முறைத் தேர்வு.

அவர் அறைக்குப் போனேன். குல்லாய் மேசைக்கு வந்தது. தலைமுடி படிந்தது.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஒருத்திக்கு விட்டா, நாளைக்கு ஆளுக்கொரு காரணம் கொண்டாருவாங்க. அப்புறம் அது யூனிஃபார்ம் இல்ல."

"அந்தப் பொண்ணு சொல்ற காரணம் நெசம் சார்."

"நெசமாவே இருக்கட்டும். எனக்கு அவமானம்னா என்னன்னு தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? நான் படிக்கும்போது எனக்கு ஒரு செட்டுத்தான். ராத்திரி தொவைச்சு, காயாம காலைல ஈரமாப் போட்டுக்கிட்டுப் போவேன். ஆனா ஈரம் எனக்குத்தான் தெரியும், வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது. எல்லாரு மாதிரியும் நின்னேன். அந்த சொகத்தத்தான் சார் இந்தப் புள்ளைகளுக்குக் குடுக்கப் பாக்குறேன்."

 அது என்னுடைய தத்துவம்தான்; அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். எதிராளி நம்முடைய பந்தை வைத்தே கோல் போட்டால் வரும் எரிச்சலோடு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்று உறைத்தது. அவருடைய ஈரச் சட்டையில் யார் பெயரும் இல்லை. எல்லோரையும் போல நிற்பது வேறு. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒருவனுடைய பெயரை எழுதுவது வேறு. முதலாவது சீருடை. இரண்டாவது சுவர் விளம்பரம்; சுவருக்காவது குளிராது.

வில்பட்டி ஜீப் டிரைவரிடம் நாகஜோதிக்குச் சொல்லி அனுப்பினேன்: நாளைக்கு வரச் சொல்லுங்கள், ஸ்வெட்டர் வேண்டாம்.

மறுநாள் காலை கேட்டில் என் வழக்கமான முறையில் ஒரு மாற்றம் செய்தேன். கால், சட்டை, பட்டன், நகம் எல்லாம் பார்த்த பிறகு, "திரும்பு, முதுகைக் காட்டு" என்றேன்.

முதலில் வந்தவன் பன்னிரண்டாம் வகுப்பு. திரும்பினான்.

"எழுத்து இருக்கு. ஓரமா நில்லு."

"சார், இது ஸ்கூல்ல குடுத்தது சார்!"

"சுவத்தப் படி."

படித்தான். நின்றான். அடுத்தவன் நின்றான். அடுத்தவளும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சர்க்கார் ஸ்வெட்டரில் வந்தார்கள்; முதுகு சுத்தம்; உள்ளே போனார்கள். பெரிய பிள்ளைகள் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே மதிலோரம் வளைவு வரை நின்றார்கள். உள்ளே இடம் பத்தாது. போகிற ஜீப்பெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனது. ஒரு டிரைவர், "என்ன வாத்தியாரே, மொத்த ஸ்கூலையும் ஃபெயிலாக்கிட்டீங்களா?" என்றார். இங்கிலீஷ் டீச்சர் என்னைக் கடந்து போகும்போது, "பிரஷர் மாத்திரை போட்டீங்களா சார்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

நாகஜோதி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வரிசையைப் பார்த்து மிரண்டு நின்றாள். கூப்பிட்டேன். கால், நகம், முதுகு.

"சரியா இருக்கு. உள்ள போ."

ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அன்று சோதனையில் தேறியது அவள் ஒருத்திதான்.

பிரேயர் மணி அடித்தது. மைதானத்தில் பாதிக்கூட்டம்தான். சுந்தரவேல் சார் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கு வந்தார். வெளியே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"விதி மீறல் சார். எழுத்துக் கூடாது."

"அது டோனர் பேரு சார்."

"எழுத்துதானே சார். யாரு எழுத்துன்னு நம்ம விதியில இல்லியே. நடிகன் பேரு போட்ட பெல்ட்டப் பிடுங்குனேன். அவன் பாவம், அந்தப் பையங்க அம்மா யாரையும் திருடின்னு சொல்லல."

அவர் சுவரைப் படித்தார். தானே எழுத வைத்த வரியை முதன்முறை பார்ப்பவர் போல மெல்லப் படித்தார். குல்லாயைக் கழற்றினார். வைக்க மேசை இல்லாததால் கையிலேயே வைத்துக்கொண்டார்.  

"சார், தப்பா நெனைக்காதீங்க" என்றார். "பிரேயர் லேட்டாயிருச்சு. அதுக்கு ஒங்களுக்கு மெமோ உண்டு."

"குடுங்க சார்."

"விதி எனக்கும் விதிதான்" என்றவர், வாசலில் முதலாவதாக நின்ற பையனைத் திருப்பி, பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "தையல் டீச்சர்கிட்ட பிளேடு இருக்குமா?"

அன்று பகல் முழுக்கப் பள்ளியில் தையல் பிரிக்கும் வேலைதான் நடந்தது. இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மெமோவைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

பட்டையைப் பிரித்த செய்தி ரிசார்ட்டுக்குப் போனது. இரண்டொரு நாளில் மேனேஜர் வேன் கொண்டுவந்தார். பெயர் இல்லையென்றால் ஸ்வெட்டரும் இல்லை. பிள்ளைகள் கழற்றிக் கொடுத்தன, வேன் நிரம்பியது. மறுநாள் உறைபனி. மஞ்சளும் ரோஸும் புலியும் திரும்பி வந்தன. அதுவும் இல்லாத பிள்ளைகள் கக்கத்தில் கையைச் செருகிக்கொண்டு பிரேயரில் நின்றன.

பெற்றோர் வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். பூண்டு மண்டிக்காரர் ஒருவர் கேட்டார்: "ஒரு பொம்பளப்புள்ள ரோசத்துக்காக எங்க புள்ளைகள் நடுங்கணுமா சார்? பேருதானே போட்டான், சூடா போட்டான்?"

"ஒங்க பொண்ணு முதுகுல ஒங்க மண்டி பேர எழுதுனா சம்மதிப்பீங்களா?" என்றேன்.

"எதுக்கு? எனக்கு யாவாரம் நல்லாத்தான் போவுது" என்றார். இந்த மலையில் தர்க்கத்தால் யாரையும் வெல்ல முடியாது.

சுந்தரவேல் சார் மறுபடி அலைந்தார். பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு கேட்டபோது பெரிய கைகள் மூடிக்கொண்டன. பேக்கரிகளும் மருந்துக் கடைகளும் கொடுத்ததில் அடுத்த குளிருக்குத்தான் ஸ்வெட்டர் வந்தது. அந்தக் குளிர் குளிராகவே கழிந்தது. அதற்காக வருத்தம் உண்டா என்று போன வாரம் வந்த தம்பி கேட்டார். குளிருக்கு வருத்தம் உண்டு. முதுகைத் திருப்பச் சொன்னதற்கு இல்லை. நாளைக்கும் சொல்வேன்.

எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது வேறொன்றால். வேன் வந்துபோன மறுநாளிலிருந்து நாகஜோதி வரவில்லை. செய்முறைத் தேர்வுக்கு இன்னும் சில நாள்தான். வில்பட்டிக்குப் போனேன். கேரட் கழுவும் இடத்தில் அம்மாவும் மகளும் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார்கள். அம்மா முத்துப்பேச்சி என்னைப் பார்த்ததும், "வாங்க சார், மூட்டை மேல ஒக்காருங்க, ஈரம் இல்ல" என்றாள். மூட்டை ஈரமாகத்தான் இருந்தது.

"நான்தான் சார் போகல" என்றாள் நாகஜோதி, நான் கேட்பதற்கு முன்பே. "என்னாலதான் எல்லாரும் குளிர்ல நிக்குதுக. பஸ்ல ஒருத்தி பக்கத்துல ஒக்கார மாட்டேங்குறா. இங்கயே வேலை பாத்துக்கிறேன்."

"ஸ்வெட்டர வாங்கிட்டுப் போனது ரிசார்ட்டு. முதுகக் காட்டச் சொன்னது நான். இதுல ஒனக்கு என்ன பங்கு?" என்றேன். எனக்கே அது பலவீனமாகக் கேட்டது.

முத்துப்பேச்சி கையிலிருந்த கேரட்டைத் தண்ணீரில் போட்டாள்.

"ஏ புள்ள, இங்க பாரு. அன்னைக்கு அந்த மேனேஜரு என் பையைக் கவுத்தான். சீப்பும் சோத்து டப்பாவும் விழுந்துச்சு. மானம் போச்சுன்னு மறுநாளே வேலையவிட்டு நின்னேன். அதுதான் நான் பண்ணுன கிறுக்குத்தனம். நின்னதுனாலதான் ஊரு பேசுச்சு, எடுத்தவதான் ஓடிட்டான்னு. நான் அங்கயே போயி, தெனம் அவன் மூஞ்சி முன்னால நின்னு வேலை பாத்துருக்கணும். இப்ப நீயும் ஓடியாந்து கேரட்டுக்குள்ள ஒளிஞ்சுக்க. அம்மா திருடி, மக ஓடுகாலி. நல்லா இருக்கும்ல?"

நாகஜோதி தண்ணீரிலிருந்து ஏறி, காலைச் சாக்கில் துடைத்தாள். நான் மூட்டையிலிருந்து எழுந்தேன். இதற்கு மேல் பேசினால் அது அறிவுரையாகிவிடும்.

மறுநாள் அவள் வந்தாள். அம்மாவின் பழைய சால்வை. சீருடைக்கு ஒவ்வாத நிறம்தான், ஆனால் அந்தக் குளிரில் எல்லா நிறத்துக்கும் தலைமையாசிரியர் அனுமதி தந்திருந்தார். பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கி, யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள். வரிசை அமைதியானது. நான் அவளிடம் என்ன கனிவாகச் சொல்லப் போகிறேன் என்று அத்தனை பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. அவள் முகத்தைப் பார்த்தாலே அதற்குத்தான் அவள் மிகவும் பயந்தாள் என்று தெரிந்தது.

காலைப் பார்த்தேன். நகத்தைப் பார்த்தேன். தலையைப் பார்த்தேன்.

"ஒரு ஜடையில ரிப்பன் இருக்கு, இன்னொண்ணுல ரப்பர் பேண்டு. என்னம்மா இது, புது ஃபேஷனா?"

"பஸ்ல விழுந்துருச்சு சார்."

"எல்லாருக்கும் பஸ்லதான் விழும். ஓரமா நில்லு."

அவள் என்னை நம்ப முடியாமல் பார்த்தாள். பிறகு முறைத்தாள். போய், பாலிஷ் போடாத ஷூவுக்காக ஏற்கெனவே நின்றிருந்த வகுப்புத் தோழிக்குப் பக்கத்தில் நின்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மறுத்தவர்களில் அவளும் ஒருத்தி. பிரேயர் முடிந்து இருவரும் காகிதம் பொறுக்கப் போனார்கள். மைதானத்தின் நடுவில் குனிந்திருந்தபோது அந்தத் தோழி சொன்னது எனக்குக் கேட்டது.

"இந்த ஆளு திருந்தவே மாட்டான்டி."

"இவனெல்லாம் ஒரு வாத்தியாரு!" என்றாள் நாகஜோதி. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எனக்குக் காது கேட்காதது போல விசிலை ஊதி, "பேச்சென்ன அங்க? வெரசா பொறுக்குங்க" என்றேன்.